உலகம்மாள் பிரிக்காத லேப்டாப்

லேப்டாப் வந்த மூன்றாம் நாள் காலையில் சுவர்க் கடிகாரம் அதன் உள்ளே போய்விட்டது. ஆணி மட்டும் மிச்சம். குலசேகரன் அதில் ஒன்றும் குற்றம் காணவில்லை. பெங்களூரிலிருந்து லேப்டாப்பை அனுப்பும்போதே மகள் பொற்கொடி போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "உசத்தி மாடல்ப்பா. இனிமே வீட்டுல எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்." ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்கள். வீட்டுச் சாமான்கள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. ரோஷம் இருக்காதா பின்னே?

நாள்காட்டி போனது. ரேடியோ போனது. கல்யாண ஆல்பம் போனது. டிவி கொஞ்சம் முரண்டு பிடித்தது. வியாழக்கிழமை சீரியல் முடிந்ததும் அதுவும் போனது. எல்லாம் திரையில் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் நின்றன. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு தொந்தரவு. சாமான்கள் போகப் போக ஹால் நீண்டுகொண்டே வந்தது. அடுக்களையிலிருந்து மனைவி உலகம்மாள் காபி கொண்டுவரப் பதினோரு நிமிடம் ஆயிற்று. வந்து சேரும்போது ஆறிப்போயிருக்கும்.

டிவி போனாலும் ரிமோட் போகவில்லை. பிரிட்ஜும் போகவில்லை. அதற்குக் காரணம் உலகம்மாள். அவள் எதையும் உறை பிரிக்க மாட்டாள். ஒன்பது வருஷத்துப் பிரிட்ஜின் கதவில் கடையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் இருக்கிறது. ரிமோட்டுக்குப் பாலித்தீன் பை, அதன்மேல் ரப்பர் பேண்ட். "உறை இருக்க வரைக்கும்தான் சாமான் புதுசு" என்பாள். லேப்டாப் மூடியிலும் மெல்லிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பிரிக்கப்போன குலசேகரனின் கையில் ஒரு தட்டுத் தட்டி, அதன்மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள்.

ஆக, புதுசு போகாது. பழசுதான் போகும். இது புரிந்ததும் குலசேகரன் தன்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார். அவருக்கு வயது அறுபத்தொன்று. உறை எதுவும் கிடையாது.

திங்கட்கிழமை உபரி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். வாசலிலிருந்து ஹால் நடுவுக்கு வந்து சேர அவருக்கு அரை மணி நேரம். பாதி வழியில் உட்கார்ந்து, கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு ஒரு மிஷின் வந்துட்டா, அந்த வீட்டுல மத்ததெல்லாம் உபரி" என்றார். "நீங்க இங்க என்ன வேலைக்கு இருக்கீங்க?"

"நான் வீட்டுக்காரன்."

"அது உறவு. வேலையச் சொல்லுங்க."

"பேப்பர் வாசிப்பேன். சத்தமா."

ஆய்வாளர் ஒரு பொத்தானைத் தட்டினார். லேப்டாப் அன்றைய பேப்பரை வாசித்தது. குலசேகரன் குரல்தான். நடுவில் அவர் போடும் "ம்க்கும்" கூட இருந்தது.

"வாசிக்குது. அடுத்தது?"

"வெளிய கெளம்பும்போது கேஸை மூடியாச்சான்னு கேப்பேன்."

"கேஸை மூடியாச்சா?" என்றது லேப்டாப். அவரைவிட அக்கறையாகவே கேட்டது.

"அடுத்தது?"

"கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாம இருப்பேன்."

"அது எப்பவுமே சாப்பிடுறதில்லை" என்றார் ஆய்வாளர்.

முப்பது வருஷம் ஊர் வீடுகளில் கரண்ட் மீட்டர் பார்த்துக் குறித்தவர் குலசேகரன். தன் கணக்கில் இப்படி முட்டை விழும் என்று அவர் நினைத்ததே இல்லை. அதற்குள் அவருடைய வலது கால் கட்டைவிரல் திரைக்குப் போய், ரேடியோவுக்கும் ஆல்பத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

"வீட்டம்மா இந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார் ஆய்வாளர். "உள்ள போனாக் கெட்டுப்போக மாட்டீங்க. அவங்க எப்ப வேணும்னாலும் தொறந்து பாத்துக்கலாம்."

உள்ளே போவதுகூட அவருக்குப் பெரிதில்லை. உலகம்மாள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வாளா? அது ஒன்றுதான் பயம்.

"ஏட்டி உலகு!" என்று கூப்பிட்டார். குரல் அடுக்களைக்குப் போய், அவள் காபியோடு வந்து சேர நேரமானது. அதற்குள் இரண்டாவது விரலும் போய்விட்டது.

அவள் படிவத்தை முன்னும் பின்னும் வாசித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"இவுக பழசுன்னு யாரு சொன்னா?"

"அறுபத்தோரு வயசும்மா."

"இருக்கட்டும். முப்பத்துநாலு வருசமாப் பத்திரமா வச்சிருக்கேன். நான் இன்னும் பிரிக்கவே இல்லை."

"உறை எங்க?"

உலகம்மாள் லேப்டாப்பைப் பார்த்தாள். மூடியின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் எதையும் உறை பிரித்ததில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சர்ரென்று ஒரே இழுப்பு. தாள் சந்தனம் குங்குமத்தோடு கையில் வந்தது. அதைக் குலசேகரன் நெஞ்சில் ஒட்டி, காற்றுக் கொப்புளம் இல்லாமல் உள்ளங்கையால் தேய்த்தாள். தாள் தலையிலிருந்து கால்வரை போதுமான அளவாகத்தான் இருந்தது. இரண்டு விரலும் திரும்பி வந்தன.

ஆய்வாளர் அவரைத் தட்டிப் பார்த்தார். 'புதியது' என்று எழுதினார். "'பயன்'ங்கிற இடத்துல என்ன எழுத?"

"காலியா விடுங்க" என்றாள் உலகம்மாள்.

"சரி. அப்ப உறையில்லாம இருக்க இது பழசு" என்று லேப்டாப்பைக் காட்டினார். "பழசு உள்ள போகணும்."

லேப்டாப் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு மூலையை மடக்கி, தனக்குள்ளேயே போனது. கடிகாரம், ஆல்பம், பேப்பர் வாசித்த குரல் எல்லாம் கூடவே போயின. மேஜையில் ஒன்றுமில்லை. ஆய்வாளர் கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் முதுகு தெரிந்துகொண்டே இருந்தது.

உலகம்மாள் அடுக்களைக்குத் திரும்பவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"மணி என்னங்க இருக்கும்?" என்றாள்.

குலசேகரன் ஆணியைப் பார்த்தார். இந்த வீட்டில் அவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக யாராவது காத்திருந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. தாளுக்குள் கண் கலங்கியது.

"தெரியலையே உலகு."

"பரவால்ல." அவள் தாளின் ஓரத்தைக் கொஞ்சமே கிளப்பி, ஆறிய காபியை உள்ளே நீட்டினாள். "புதுசுதானே. போகப்போகப் பழகிரும்."