எந்த மந்து?

"இது மொண்டி டி.பி.ம்மா" என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெலுங்கில் சொன்னதும், பிரேமலதா குனிந்து புருஷன் லோகேஸ்வரனின் காலைத்தான் பார்த்தாள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. சித்தூரில் பஸ் ஏறி வந்த மனுஷன் இப்போதுதானே படியேறி வந்தான்? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நர்ஸ் தேவயானி திருத்தணிக்காரி. "நொண்டிய சொல்ற நம்மூரு மொண்டி இல்லக்கா. தெலுங்குல மொண்டின்னா முரண்டு. மாத்திரைக்கு அடங்காத டி.பி. நடுவுல மாத்திரைய நிறுத்தினீங்களா?"

"டாக்டர் சொல்லித்தானேம்மா நிறுத்தினோம்!"

பிரேமலதா மூச்சு விடாமல் சொன்னாள். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து லோகேஸ்வரனுக்கு ஒரே வாந்தி. சித்தூரில் பார்த்த டாக்டர், "மந்து மானேயாலி, லேகபோத்தே லிவர் போத்துந்தி" என்று விரலை ஆட்டினார். மருந்தை நிறுத்து, இல்லாவிட்டால் ஈரல் போய்விடும். அரக்கோணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளின் அரைகுறைத் தெலுங்குக்கு அப்படித்தான் புரிந்தது. அன்றே மாத்திரைகளைப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

தேவயானி தலையில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, சாராயத்தையும் இங்க மந்துன்னுதான் சொல்லுவாங்க. குடிய நிறுத்தச் சொல்லியிருக்காரு!"

என் கையாலேயே இவரைக் கொன்றுவிட்டேனா? பாவி, பாவி என்று பிரேமலதாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அழப்போனவள் சட்டென்று நின்றாள். பலமனேர் தக்காளி மண்டியில் தினம் தெலுங்கில் ஏலம் கூவுகிறவன் இவன். அன்றைக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தான்?

"மாத்திரைய நிறுத்தச் சொல்றாருன்னு நான் சொன்னப்போ, நீ ஏன்யா தலையாட்டின?"

லோகேஸ்வரன் தரையைப் பார்த்தான். "அத்தத் துன்னா கொடலே வெளிய வந்துடற மாதிரி இருந்திச்சி. குடியையும் வுட முடியல. நீ தப்பா சொன்னது எனக்குத் தோதா இருந்திச்சி, லதா."

அவனை அறைவதா, கட்டிக்கொண்டு அழுவதா? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை நாள் வாந்தி எடுத்தவன் தலையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

டாக்டரம்மா புது மாத்திரை அட்டைகளை நீட்டினார். "ஈசாரி மந்து மானொத்து." இந்தத் தடவை மந்தை நிறுத்தாதே.

பிரேமலதா புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. தேவயானியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த மந்தும்மா? நீயே தமிழ்ல சொல்லிடு."