வழியனுப்பும் வீடியோ

ஆஸ்பத்திரி வேன் வருவதற்குள் மகள் அழுதாக வேண்டும். அழாவிட்டால் பை கிடைக்காது. துணியும் சான்றிதழும் இருந்த பையை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை, அங்கேயே தங்கிக்கொள்ளலாம். மருத்துவத்துறைக்குப் போகும் எங்கள் செல்லம் என்று அம்மா நேற்றே வீடியோ போட்டுவிட்டாள். ரத்தக்கறை படிந்த விரிப்பை அலசுவதும் மருத்துவம்தானே.

அந்த வீட்டில் ஒரு சுவருக்குத்தான் பெயிண்ட். வீடியோவில் தெரிவது அதுதான். அதன் முன்னால் நின்றால் அப்பாவுக்கு அவள் தங்கம், கண்ணு. இரண்டடி தள்ளி நின்றால் ஊமைக்கோட்டான். கண்ணீர் தேவைப்படும் நாளில் அம்மா கண்ஜாடை காட்டுவாள். அவர் மகளருகே வந்து, கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில் ஏதாவது சொல்வார். கண் கலங்கியதும் கேமரா ஓடும். போன பிறந்தநாளுக்கு, அவள் பிறந்ததே தண்டம் என்றார். அப்பாவின் பரிசில் நெகிழ்ந்த மகள் என்று அது போனது. இப்படியொரு தகப்பன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டுமென்று ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் உருகினார்கள். உருகட்டும். அவர்களுக்கென்ன, விரலால் தள்ளினால் அடுத்த வீடு.

"நீ போனா ஒரு தட்டு மிச்சம்" என்றார் இன்று. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் மூஞ்சியைப் பற்றி, அந்த மூஞ்சியைக் கட்டிக்கொள்ளப் போகிறவனைப் பற்றியெல்லாம் சொல்லிப் பார்த்தார். தண்ணீரைச் சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்கா அழுதோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

தெருமுனையில் ஹார்ன் கேட்டது. நடித்துத் தொலைக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் கண் ஒத்துழைக்கவில்லை.

மகளை அனுப்பும் தாய் என்று போட்டுக்கொள்ளலாம், நானே அழுகிறேன் என்று அம்மா போனை மகள் கையில் திணித்தாள். மூக்கை உறிஞ்சினாள், கண்ணைக் கசக்கினாள். ஒரு சொட்டு வரவில்லை. அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, அதே கத்தரிக்காய்க் குரலில் சொன்னார்.

"உங்கம்மா செத்துக் கெடந்தப்பவே நீ வெளிச்சம் எந்தப் பக்கம்னுதான பாத்த."

அம்மாவின் வாய் கோணியது. முகம் சரிந்தது. அப்படியோர் அழுகையை மகள் அந்த வீட்டில் பார்த்ததில்லை. ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொள்ளலாம் போல ஒரு கணம் இருந்தது.

"எடுடி" என்றாள் அம்மா, விம்மலுக்கு நடுவே. "என்னங்க, பைய அவ கையில குடுங்க. சீக்கிரம்."

அப்பா பீரோவைத் திறந்தார். "போய்ட்டு வா தங்கம்" என்று பையை நீட்டினார். மகள் முன்பக்கக் கேமராவுக்கு மாற்றி, திரை அவர்களுக்குத் தெரியும்படி போனை ஜன்னலில் சாய்த்து வைத்தாள். பையை வாங்கிக்கொண்டாள். செருப்பை மாட்டி வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். அம்மா இன்னும் நிஜமாகத்தான் அழுதுகொண்டிருந்தாள். அந்த ஈரக்கண் மகளைத் தேடவில்லை. முகம் திரையின் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, விம்மிக்கொண்டே அரையடி நகர்ந்து நின்றாள்.