தட்டு ஏந்தாத மருமகள்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஒரு மாபெரும் குடும்பத்தின் மானம் இன்றுமுதல் ஒரு தட்டை நம்பி இருக்கிறது. பெண் பார்க்க வந்த வீட்டின் கூடத்து நாற்காலியில் சாய்ந்தபடி மாப்பிள்ளையின் அப்பா இதை இப்படிச் சொன்னார்:

"பொண்ணு மேனேஜர்னா சரி. ஆனா எங்க வீட்டு மருமக நாலு பேர் முன்னால தட்டு ஏந்தி நிக்கக் கூடாது. நின்னான்னு தெரிஞ்சா அன்னைக்கே பேச்சு முறிஞ்சுது."

அதைச் சொன்னபோது அவர் முன்னால் அந்தப் பெண் காபித் தட்டு ஏந்தித்தான் நின்றாள். அவர் தம்ளரை எடுத்துக்கொண்டார். அவர் பார்வை தம்ளரைத் தாண்டி மேலே ஏறவில்லை. ஏற்கெனவே இரண்டு வரன்கள் 'ஹோட்டல் வேலையா?' என்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போயிருந்ததால், அம்மா அவசரமாக முந்திக்கொண்டாள்.

"ஐயோ, அதெல்லாம் இவளுக்குக் கீழ ஆளுங்க செய்வாங்க."

செய்தார்கள்தான், இறுதியாட்டம் வரும்வரை. உலகமே திரண்ட அந்தக் கால்பந்து விழாவின் கடைசி நாளில், அவள் ஹோட்டல் பொறுப்பேற்றிருந்த விருந்தினர் மாடத்தில் பரிமாற வேண்டியவர்களை ஏற்றிவந்த பேருந்து பாதுகாப்பு வாசலிலேயே மாட்டிக்கொண்டது. சொற்பொழிவுக்கென்றே பிறந்த பெரிய மேலாளர், "விருந்தோம்பல் ஒரு தவம்" என்று ஆரம்பித்து, "கோட்டைக் கழட்டும்மா, தட்டைப் பிடி" என்று முடித்தார்.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தவள் சட்டென்று பின்வாங்கினாள். முதல் வரிசையில், யாரோ நண்பர் தயவில் கிடைத்த அழைப்பு அட்டை கழுத்தில் தொங்க, வருங்கால மாமனார்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றான், பரிமாறுகிறவர்களில் முன்னமே வந்துசேர்ந்திருந்த சிலரில் ஒருவனான சுருட்டை.

"என் மாமனார்டா. பாத்துட்டா கல்யாணம் போச்சு. அம்மா தாங்க மாட்டாங்க. நீ அந்தப் பக்கம் போயேன்."

"என் பக்கமே தள்ளுமுள்ளு. சும்மா போங்கக்கா, நம்ம மூஞ்சிய யாரு பாக்கறா?"

பெயர் அட்டையைத் திருப்பிக் குத்திக்கொண்டாள். முன்மயிரை நெற்றியில் இழுத்துவிட்டாள். தட்டு ஆடியது. கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்து அவளைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தன.

மாமனார் விரலைச் சொடுக்கினார். "ஏம்மா, ஐஸ்."

அவர் நிமிரவில்லை. தப்பித்தோம் என்று அவள் மூச்சு விடுவதற்குள், அவர் நண்பரிடம் ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம மருமக இங்கதான் மேனேஜர், தெரியுமில்ல? தட்டு கிட்டெல்லாம் தொடாது. ஒரு பார்வை பாத்தா போதும், இதுங்கல்லாம் நடுங்கும்."

'இதுங்க' என்றபோது அவர் கட்டைவிரல் அவளைச் சுட்டியது. அவள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"அடடே, கூப்பிடுங்களேன்!" என்றார் நண்பர்.

"ஏம்மா, நான் வரச்சொன்னேன்னு உங்க மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லு."

ஓடிவிடலாமா? அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அதன் பின்னால் கூடமும் அந்தத் தம்ளரும் வந்தன.

"நான்தான் மாமா மேனேஜர்."

முதல்முறையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு நண்பரிடம் திரும்பினார். "யாரோ தெரியலையே."

"தெரியாதுதான் மாமா. எங்க வீட்டுக் கூடத்துலயும் இப்படித்தான் தட்டோட நின்னேன். அன்னைக்கும் நீங்க தம்ளரத்தான் பாத்தீங்க." தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நாலு பேர் முன்னால தட்டு ஏந்திட்டேன். நீங்க சொன்ன மாதிரியே பேச்சை முறிச்சுக்கலாம். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

கேட்ட ஐஸை இடுக்கியால் எடுத்து அவர் கிளாஸில் போட்டாள். பெயர் அட்டையை நேராகத் திருப்பிக் குத்திக்கொண்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தாள்.

இடைவேளையில் அவர், நிமிராமலே, அவளிடம் இன்னொரு கிளாஸ் கேட்டார்.