துண்டுக்குள் வாங்கிய படகு

கள்ளக்குறிச்சி மாட்டுத் தரகர் அக்பர் அலி, கடலூரில் ஒரு கொட்டகையில் நின்றுகொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்பக்கம் தட்டினார். பின்பக்கம் தடவினார். வாய் இருந்திருந்தால் பல்லையும் பிடித்துப் பார்த்திருப்பார். மாடு வாங்கினால் நாலு சுற்று நடக்கவிடாமல் அச்சாரம் கொடுக்காத மனிதர், படகைத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டார். கொட்டகையில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

படகு அவருக்கு இல்லை, செங்கம்மாளுக்கு. கோமுகி அணைக்கு அக்கரையில், கல்வராயன் மலையடிவாரத்தில் ஏழெட்டு வீடுகள்தான் அவள் ஊர். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் அணையைச் சுற்றி வருகிற வழி அடைபட்டுப்போகும். போன மழையில் அவள் மருமகள் மீனாவுக்கு வலி எடுத்தபோது கட்டிலில் வைத்துச் சுமந்து மலைமேல் ஏறிச் சுற்றி வந்தார்கள். மீனா பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. மீனாவுக்கு இந்த ஐப்பசியில் மறுபடியும் பிள்ளைப்பேறு. அதற்குள் எஞ்சின் வைத்த படகு வேண்டும் என்று சாமை விற்ற காசைச் சேர்த்து எடுத்துக்கொண்டு செங்கம்மாள் வந்திருந்தாள். பேரம் பேச அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் அக்பர் அலி.

"எஞ்சின் சிங்கம் மாதிரி, பாய். சர்வீசு நம்ம பொறுப்பு. மெக்கானிக்கையும் கூடவே அனுப்புறேன்" என்றார் படகு முதலாளி.

அக்பர் அலி சந்தை வழக்கப்படி தோள் துண்டை விரித்தார். அதன் அடியில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, விரலாலேயே விலை பேசினார்கள். முதலாளிக்கும் அந்த வித்தை தெரிந்திருந்தது. விலை படிந்த பிறகும் அவர் கையை விடவில்லை. கூடுதலாக இரண்டு விரலை அழுத்தினார். அது அக்பர் அலிக்கு மட்டும் தனியாக இருநூறு ரூபாய். பக்கத்தில் நின்ற செங்கம்மாளுக்குத் துண்டு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

லாரியில் படகை ஏற்றி, விருத்தாசலம் தாண்டி வந்தார்கள். மெக்கானிக் கலைவாணன் படகோடு பின்னால் உட்கார்ந்து வந்தான். நைனார்பாளையம் பக்கத்தில் ஒரு புளியமரம் ரோட்டின் குறுக்கே படுத்துக் கிடந்தது. 1987, செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் தங்கதுரை என்பவர் எழுந்து வந்து லாரியைப் பார்த்தார்.

"இன்னா பாய் இது? மழ வரும்னு ரேடியோவுல சொன்னான். கப்பல்ல ஓடிப்போற அளவுக்கா வருது?"

"கோமுகிக்குப் போவுதுங்க. கொஞ்சம் வழி வுட்டீங்கன்னா..."

"ஒரு வாரத்துக்கு எதுவும் போவாது. ஆஸ்பத்திரி வண்டி மட்டும்தான்."

செங்கம்மாள் இறங்கி வந்து, எதற்கு இந்தப் படகு என்று சொன்னாள். தங்கதுரை கேலியை நிறுத்திக்கொண்டார்.

"அப்ப இதுவும் ஆஸ்பத்திரி வண்டிதான். மரத்த ஒதுக்கித் தரோம். அதுக்கு முன்ன, தோ ஏரி இருக்குது, வுட்டுப் பாத்தீங்களா?"

"பாக்கல" என்றாள் செங்கம்மாள்.

"வேணாங்க, டேம்ல போய்ப் பாத்துக்கலாம்" என்றான் கலைவாணன் அவசரமாக. அக்பர் அலியும் தலையாட்டினார். ஆனால் போராட்டத்துக்கு வந்தவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இல்லை. இருபது தோள்கள் சேர்ந்து படகை ஏரிக்குத் தூக்கிப் போயின.

கலைவாணன் எஞ்சினை மாட்டினான். இழுக்கிற கயிற்றைப் பிடித்தான், இழுக்கவில்லை.

"இன்னா தம்பி நின்னுக்கினே கீற?" என்றாள் செங்கம்மாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. எம் மருமவ மாதிரி முழுகாம இருக்கறப்ப, உம் பொண்டாட்டிய இதுல ஏத்துவியா?"

கலைவாணனுக்குக் கடலூரில் வாடகை வீடு, இரண்டு குழந்தைகள், முதலாளி தயவில் வேலை. 'ஒரு சுத்து ஓட்டிக் காட்டிட்டு அடுத்த பஸ்ல வந்துடு' என்பது உத்தரவு. ஒரு சுற்றுக்கு எஞ்சின் தாங்கும் என்றும் அவனுக்குத் தெரியும்.

"ஏத்த மாட்டேம்மா" என்றான்.

பிறகு கயிற்றை இழுத்தான். எஞ்சின் சிங்கம் மாதிரிதான் கத்தியது. "இங்க பாருங்க. ஓடுறப்ப இந்த ஓட்டை வழியா தண்ணி பீச்சணும். சொட்டுகூட வரல. உள்ள சூடாகி நட்டாத்துல நின்னுடும். இது தெரிஞ்சுதான் வித்தாங்க. நானும் தெரிஞ்சுதான் கூட வந்தேன்." அவன் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் புகைந்து நின்றது சிங்கம்.

யாரையும் கேலி செய்யாமல் எனக்குக் கதை சொல்ல வராது. இந்தக் கலைவாணனை எப்படிக் கேலி செய்வது என்று யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை.

"மூத்திரம் போவாத மாட்ட நான் வாசல்லயே வுட மாட்டேன்" என்று முணுமுணுத்த அக்பர் அலி, கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இடுப்பு பெல்ட்டைத் திறந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துப் படகு விளிம்பில் வைத்தார். "செங்கம்மா, துண்டுக்குள்ள அந்தாளு எனக்குன்னு ரெண்டு வெரலு அழுத்தினான். வாங்கிக்கினேன். சந்தையில எல்லாரும் வாங்கறதுதானேன்னு நெனச்சேன். இதுல ஒரு புள்ளத்தாச்சி ஏறப்போறான்னு நெனைக்கல."

செங்கம்மாள் அந்தத் தாள்களை அவர் பக்கமே தள்ளினாள். "உள்ளயே வெய்யி பாய். அந்தாளு முன்னால, நாலு பேரு பாக்க எடுத்து வெக்கணுமில்ல?"

மறியல் முடிந்ததும் அதே லாரி கடலூருக்குத் திரும்பியது. தங்கதுரையும் நாலு பேரும் கூடவே போனார்கள். முதலாளி அக்பர் அலியின் தோளில் கைபோட்டு, "உள்ள வாங்க பாய், பேசிக்கலாம்" என்றார். அக்பர் அலி நகரவில்லை. நட்ட நடு ரோட்டில் நின்று அந்த இரண்டு நோட்டையும் விரித்துக் காட்டி, எதற்காக வாங்கினார் என்று உரக்கச் சொன்னார். கூட்டம் கூடியது. வேறு எஞ்சின் வந்தது. அதைக் கலைவாணன் உப்பனாற்றில் அரை நாள் ஓட்டினான். செங்கம்மாள் படகிலேயே உட்கார்ந்து, அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சுவதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். முதலாளி அன்று மாலையே கலைவாணனை வேலையை விட்டு அனுப்பினார். அவன் சொந்தமாக ஒரு கருவிப் பெட்டியோடு துறைமுகத்தில் உட்கார்ந்தான். கடிதம் போட்டால் அணைக்கும் வந்து பார்த்தான். சில தடவை, "இதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம், நல்லாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

ஐப்பசி அடைமழையில் மீனாவைப் படகில் அழைத்து வந்தார்கள். கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த அக்பர் அலியை, திரும்புகிற படகில் அக்கரைவரை ஏற்றிப் போனார்கள். நீச்சல் தெரியாத அவர் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாத பாய், தண்ணி பீச்சுது" என்று சிரித்தாள் செங்கம்மாள். பிறகு சொன்னாள்: "வெல பேசறவன் எங்கயும் கெடைப்பான். 'இதுல ஏறாதம்மா'ன்னு சொல்ற ஆளத்தான் தேடிப் புடிக்கணும். நாலு பேரு முன்னால பேச முடியாத வெல, ஞாயமான வெல இல்ல பாய்."

அக்பர் அலி ஒரு கையை மட்டும் துணிந்து விடுவித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு சந்தையில் விலை பேசும்போதும் அது அங்கேயேதான் இருந்தது.