ஒரே கட்டில் இரண்டு வழக்கு

தையற்காரி காலையிலேயே கோர்ட்டுக்கு வந்துவிட்டாள். ஒரே வீட்டுக்கு இரண்டு வழக்கு. கீழ்த்தளத்துக் கோர்ட்டில் அண்ணன் போட்டது: முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கும் தங்கை காலி செய்ய வேண்டும். மாடிக் கோர்ட்டில் அவள் போட்டது: அப்பா வீட்டில் தனக்கும் பாதி வேண்டும். மாடி வழக்கு ஆமை வேகம். கீழே வெள்ளிக்கிழமை தீர்ப்பு. அது அண்ணன் பக்கம் போய்விட்டால், பாதி என்றைக்கு வந்து என்ன? மெஷினோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

அதனால்தான் இரண்டையும் சேர்த்து ஒரே இடத்தில் விசாரிக்கச் சொல்லி இன்று அவள் மனு.

“அவங்க எதிர்ப்பாங்க, நான் பாத்துக்கறேன். நீங்க நகத்தைக் கடிக்காம இருங்க,” என்றார் வக்கீல்.

அவள் கடித்தது அதற்காக இல்லை. கீழ் வழக்கில் கொடுத்த பதிலில், “அறைச் சாவியை அண்ணன்தான் என் கையில் கொடுத்தார்” என்று ஒரு வரி சேர்க்க வைத்திருந்தாள். அன்றிருந்த பழைய வக்கீல், அண்ணன் தயவில் இருப்பதாக ஆகிவிடும், வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். கேட்டால்தானே? மாடி வழக்கிலோ, யார் தயவும் இல்லாமல் என் உரிமையில் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். இரண்டு காகிதமும் இரண்டு தளத்தில் கிடந்தவரை பிழைத்தாள். இன்று இரண்டும் ஒரே மேஜைக்கு வருகின்றன. வரவழைத்ததும் இந்த மகராசிதான்.

மனுவை எடுத்ததுமே அண்ணனின் வக்கீல் எழுந்தார். “ஆட்சேபணை இல்லைங்கம்மா. ரெண்டையும் சேர்த்தே படிக்கட்டும்.”

அவளுடைய வக்கீல் சண்டைக்குத் தயாராக எழுந்தவர், அப்படியே உட்கார்ந்தார். எதிர் வக்கீல் அந்தச் சாவி வரியைப் பார்த்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

நீதிபதியம்மா தாள்களைப் புரட்டினார். “சாவி அண்ணன் கொடுத்ததுன்னு இங்க இருக்கு. என் உரிமைன்னு அங்க இருக்கு. எதும்மா நிஜம்?”

அவள் முன்னால் வந்தாள். “ரெண்டும்தாங்கம்மா. வீடு அப்பாவோடது. அப்பா போனப்புறம் சாவி அண்ணன்கிட்ட இருந்துச்சு. அழுதுட்டே கெடக்காத, இங்க உக்காந்து தைன்னு கொடுத்தாரு.”

“அதை விசாரணையில பாக்கலாம்,” என்று நீதிபதி எழுதினார். இரண்டும் சேர்ந்தாயிற்று. வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு நின்றது. அந்த வரி அவளை வாழவைக்குமா, கவிழ்க்குமா என்பது இனிமேல்தான்.

வராந்தாவில் அண்ணன் வழிமறித்தார். மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர்.

“அந்தச் சாவி வரியை எவன் எழுதச் சொன்னான்? உன் வக்கீலுக்குப் புத்தி இல்லையா?”

“நான்தாண்ணா சொன்னேன்.”

“எதுக்கு? உனக்கு நீயே குழி வெட்டிக்கவா?”

“நீ படிப்பேன்னு. படிச்சா வழக்கை விட்டுடுவேன்னு நெனச்சேன்.”

அண்ணன் சுவரைப் பார்த்தார். “என் வக்கீலு எங்கிட்ட காட்டவே இல்ல. இன்னிக்கு உள்ளதான் கேட்டேன்.”

அதற்குள் குமாஸ்தா கூப்பிட்டார். இனி இருவருக்கும் ஒரே வாய்தா, ஒரே வழக்குக் கட்டு. தேதி வாங்கியதற்கு இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அண்ணன் போட்டார். பேனாவை மேஜையில் வைக்கப் போனவர், கொஞ்சம் தயங்கி, அவள் கையில் கொடுத்தார்.