பன்னிரண்டு நாள் குளிர்

அப்பா போன அன்று பின்னேரம், வைத்தியசாலையிலிருந்து வந்த அம்மா ஜக்கற்றைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் முழந்தாளிட்டு, காஸில் எரியும் கணப்படுப்பான கமீனின் அடியிலிருந்த மஞ்சள் கைபிடியைத் திருகி மூடினார். கண்ணாடிக்குள் எரிந்துகொண்டிருந்த சின்ன நீலச் சுடர் ஒருமுறை துடித்து அணைந்தது. அம்மா அந்தக் கமீனில் கை வைத்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எங்களுடையது ஸ்டுட்கார்ட்டிலிருந்து நாற்பது நிமிடத் தூரத்தில் ஒரு பழைய வீடு. நிலவறையிலிருந்த எண்ணெய்க் கொதிகலன் ஒரு மார்கழியில் கைவிட்டபோது, அப்பா முன்னறைச் சுவரில் இதைப் பூட்டுவித்தார். ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே களிமண்ணில் செய்த பொய் விறகு. றிமோட்டை அமத்தினால் டிக் டிக் என்று பொறி தட்டி, புஸ் என்று நெருப்புப் பிடிக்கும். முழு வீட்டுக்கும் சூடு அதிலிருந்துதான், மேல்மாடிக்கு ஒரு குழாய் வழியே சுடுகாற்றுப் போகும். விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போகுமுன் அப்பா மூட்டிவிட்டுப் போவார். றிமோட் பொலித்தீன் பையில் சுற்றியபடி கமீனுக்கு மேலுள்ள பலகையில் இருக்கும். நாங்கள் தொட்டால் பழுதாகிவிடுமாம். தொலைக்காட்சி றிமோட்டில் உள்ளதில் கால்வாசிப் பொத்தான்கூட அதில் இல்லை, ஆனாலும் "உங்களுக்கு இது விளங்காது" என்பார்.

உடல் எரியும்வரை செத்த வீட்டில் நெருப்பு மூட்டுவதில்லை. ஊரில் அது ஒரு பொழுது விசயம். காலையில் உயிர் போனால் பின்னேரம் சுடலைக்குக் கொண்டுபோய், வந்து குளித்துவிட்டு உலை வைத்துவிடுவார்கள். ஜெர்மனியில் பிணத்துக்கும் டெர்மின் வேண்டும், முன்கூட்டியே குறித்துத் தந்த நாளும் நேரமும். நத்தார் விடுமுறை, புதுவருட விடுமுறை, உடலை இன்னொரு தடவை பார்க்க வேறொரு டொக்டர், அதற்குப் பிறகு பத்திரங்கள். எங்களுக்குக் கிடைத்தது பன்னிரண்டாம் நாள்.

சாப்பாட்டுக்குக் குறையிருக்கவில்லை. அடுத்த தெருவிலிருக்கும் பிளோறன்ஸ் அன்ரி இரண்டு வேளையும் புட்டும் சோறும் கொண்டுவந்தார். மன்னார்க்காரி, கிறிஸ்தவ வேதக்காரி, எங்கள் முறைகளில் குறுக்கிடாதவர். நான்காம் நாள் அவராலும் பொறுக்க முடியவில்லை. அறைக்குள் பதினொரு பாகை. தொப்பியைக் கழற்றாமல் இருந்தபடி சொன்னார்:

"அக்கா, இது அடுப்பில்லை. வீடு சூடாக்கிற ஹைற்சுங் எல்லோ."

"அதிலையும் நெருப்புத்தானே எரியிறது பிளோறன்ஸ்."

அம்மாவுக்கு இழுப்பு இருக்கிறது. போன மாசியில் ஒரு கிழமை ஒட்சிசனோடு கிடந்து வந்தவர். எனக்கு அப்பாவுக்காக அழக்கூட நேரமில்லை, அம்மாவின் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு மின்சாரச் சூடாக்கி வாங்கி வந்தேன். கம்பி இல்லை, சுடர் இல்லை, எந்தச் சாத்திரத்துக்கும் இடைஞ்சல் செய்யாத வெள்ளைப் பெட்டி. அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, கெட்டித்தனமாக ஒரு காரியம் செய்த நினைப்பில் நின்றேன். அம்மா எழும்பிப் போய்ச் செருகியைக் கழற்றினார்.

"இதிலை நெருப்பு இல்லையே அம்மா. இனி என்ன?"

அம்மா வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "கொப்பா அங்கை குளிர்ப்பெட்டிக்கை கிடக்கிறார். நான் இஞ்சை சூடு காய்ஞ்சுகொண்டு இருக்கிறதோ?"

சாத்திரத்தோடு சண்டை பிடிக்கலாம், இதோடு எப்படிப் பிடிப்பது? ஒரே போர்வைக்குள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு காலையும் எரியூட்டு நிலையத்துக்குத் தொலைபேசி அடித்து, முந்தின நாள் ஏதாவது கிடைக்குமா என்று கெஞ்சினேன். ஏழாம் நாள் அம்மாவின் நெஞ்சுக்குள் விசில் சத்தம் தொடங்கியது. எட்டாம் நாள் அவர் குளியலறைக்குள் இருந்த நேரம் மஞ்சள் கைபிடியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். திருப்பத் துணிவு வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் வந்தது. எங்கள் வீட்டில் ஆம்பிளைப் பிள்ளை இல்லை. பெரியப்பாவின் மகன் இளங்கீரன் அதற்கென்றே ஹம்பேர்க்கிலிருந்து வந்து வேட்டியும் கட்டிவிட்டான். அம்மா என்னைக் காட்டி ஐயரிடம், "துஷானிதான் கொள்ளி வைக்கவேணும்" என்றார். இளங்கீரன் ஒதுங்கிக்கொண்டான்.

எரியூட்டு நிலையத்தில் அம்மா மண்டபத்தோடு நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளறைக்குப் போனேன். கொள்ளிக்கட்டை ஒன்றும் அங்கே இல்லை. சாம்பல்நிறக் கோட்டுப் போட்ட மனிதர் சுவரிலிருந்த ஒரு பச்சைப் பொத்தானைக் காட்டி, "பிற்ற" என்றார், தயவுசெய்து என்று. வலது கட்டைவிரலால் அமத்தினேன். பெட்டி உள்ளே போனது, இரும்புக் கதவு இறங்கியது. சுவருக்கு அப்பால் புஸ் என்று ஒரு சத்தம். அப்பா வேலைக்குப் போகுமுன் கமீனை மூட்ட, ஒவ்வொரு விடியலும் படுக்கையில் கிடந்தபடி நான் கேட்ட சத்தம் அது. அது கேட்டால் இன்னும் அரை மணித்தியாலத்தில் வீடு சூடாகிவிடும் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து குளித்தோம். அம்மா ஈரத் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு கமீனுக்கு முன்னால் வந்து இருந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"இப்ப மூட்டு பிள்ளை."

கைபிடியைத் திருப்பித் திறந்தேன். பொலித்தீனைப் பிரித்து றிமோட்டை எடுத்தேன். பன்னிரண்டு நாளாக இதற்காக மன்றாடியவள் நான். கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தேன், அமத்த முடியவில்லை.

"என்ன பிள்ளை?"

"ஏலாது அம்மா."

"ஏன்?"

"அங்கையும் இப்பிடித்தான். ஒரு பொத்தான்தான்."

அம்மா என் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு றிமோட்டை வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் நேராக்கிக் கொடுத்தேன்.

"எது?"

காட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார். டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. குழாயில் காற்று நின்றிருக்கவேண்டும். அம்மா விரலை எடுக்கவில்லை. கடைசியில் பிடித்தது. நீலமாக ஊர்ந்து, பொய் விறகின் மேல் ஏறி மஞ்சளானது.

அம்மா தன் கைகளை நீட்டவில்லை. என் வலக்கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலைத் தன் உள்ளங்கைக்குள் பொத்தி, கண்ணாடிக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்.