வெள்ளைக்கல்லுக்கு ஐந்து வெடி

மனித குலத்துக்கு ஓர் அறிவிப்பு. 1983-ஆம் வருடம், சித்திரை மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, சேலத்தில் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஓர் இடம் உருவாக்கப்பட்டது. குண்டூசித் தலையளவே இருந்த அந்த இடம் கண்ணிமைக்கும் முன் மறைந்தும் போனது. அது உருவானது ஒரு வெள்ளைக்கல்லின் மேல். கல் வந்தது ஒரு ஜவுளிக்கடைப் பையில். முன்னதாக இரண்டு முறை கரண்டு போயிருந்தது.

சாதனையாளர், ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் விரிவுரையாளர் தீர்த்தகிரி. உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறையைக் கெஞ்சி வாங்கி, 'லேசர் நிறமாலை ஆய்வு மையம்' என்று கதவைவிட அகலமாகப் பலகை மாட்டியிருந்தார். மையத்தில் ஒரு லேசர், ஒளியைக் கோடு கோடாகப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் ஒரு கருவி, ஒரு முக்காலி. இரண்டு வருட ஆராய்ச்சியில் பத்துப் பைசா அலுமினியம் என்றும் ஆணி இரும்பு என்றும் கண்டறியப்பட்டிருந்தன. வெளியிலிருந்து ஒருவர்கூட எதையும் கொண்டுவந்து இது என்ன என்று கேட்டதில்லை. அதனால், அட்டெண்டர் சுப்பையன் வந்து, "எங்கூர்க்காரர் ஒருத்தருக்கு ஒரு கல்லு என்ன கல்லுன்னு தெரியோணுமாங்க சார்" என்றதும் தீர்த்தகிரி முதலில் தலையை வாரிக்கொண்டார்.

ஊர்க்காரர் மயில்சாமி. ஜலகண்டாபுரம் போகும் சாலையில் மூன்று ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வைத்திருந்தார். இரண்டு வருடமாக மழையில்லை. வறண்ட கிணற்றை ஆழப்படுத்த மேஸ்திரி செங்கோடனின் ஆட்களை இறக்கியிருந்தார். முப்பத்தெட்டாம் அடியில் வெடி வைத்தபோது, ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைக்கல் வரி ஒன்று தெரிந்தது. மயில்சாமி டார்ச்சு விளக்கோடு கயிற்றைப் பிடித்து இறங்கினார். இறங்கும்போது விவசாயி. ஏறும்போது சுரங்க அதிபர்.

"மேக்னசைட்டு! சேலத்துல சொரங்கம் போட்டு எடுக்கறாங்களே, அதே காசுக் கல்லு! ஒருத்தனும் வெடி வெக்கக் கூடாது. சரக்கு தூளாயிரும்!"

பன்னிரண்டு நாளாகக் கிணற்றில் வேலை நின்றிருந்தது. திங்கட்கிழமைக்குள் தொடங்காவிட்டால் மேச்சேரியில் வேறு கிணற்றுக்குப் போய்விடுவதாகவும், திரும்பி வர ஆடி கழிந்துவிடும் என்றும் செங்கோடன் சொல்லிவிட்டார். ஆடி வரைக்கும் பயிர் காத்திருக்காது. மயில்சாமியின் மனைவி சௌந்திரம், இரண்டு எருமைக்கும் வீட்டுக்கும் பக்கத்து வயல்காட்டு பம்புசெட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்துகொண்டிருந்தார். கணவரிடம் சொல்லிப் பார்த்தார், அழுது பார்த்தார், சோற்றில் உப்பில்லாமல் போட்டும் பார்த்தார். சுரங்க அதிபர் அசையவில்லை. கடைசியில், கணவர் கல்லைச் சோதிக்கக் கிளம்பியபோது, சௌந்திரம் அதைத் தானே பையில் போட்டுக்கொண்டு கூடவே பஸ் ஏறிவிட்டார்.

ஆய்வு மையத்தில் முதலில் சொற்பொழிவு நடந்தது.

"பொருளுக்குத் திடம், திரவம், வாயு என்று மூன்று நிலைகள். நான்காவது பிளாஸ்மா," என்றார் தீர்த்தகிரி.

"பிளாஸ்மாங்களா?" மயில்சாமி நிமிர்ந்தார். "எங்க பங்காளிக்கு ஆஸ்பத்திரில ஏத்துனாங்களே!"

"அது வேற பிளாஸ்மா."

"செத்துப்போனாருங்க அவரு," என்றார் சௌந்திரம்.

தீர்த்தகிரி தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். லேசர் ஒளி கல்லில் பட்டதும் துளியூண்டு கல் ஆவியாகி, தீப்பொறியாக எரியும். அதில் என்னென்ன தனிமம் இருக்கிறதோ, ஒவ்வொன்றும் தனக்கே உரிய நிறத்தில் ஒளிவிடும். அந்த நிறங்கள் தகட்டில் கோடுகளாகப் பதியும். கோட்டைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம்.

"எங்க ஆட்டுக்கு அடையாளத்துக்குக் காதுல வெட்டு வெப்பமே, அது மாதிரிங்களா?" என்றார் மயில்சாமி.

"அப்படியும்... சொல்லலாம்," என்றார் தீர்த்தகிரி, சற்று மனம் புண்பட்டு.

எதிர் அறையிலிருந்து வேதியியல் விரிவுரையாளர் எட்டிப் பார்த்தார். "கல்லா? ஒரு சொட்டு ஆசிட் விடுய்யா. பொங்குனா சுண்ணாம்பு, பொங்காட்டி மேக்னசைட்டு. இதுக்கு எதுக்கு லேசரு?"

தீர்த்தகிரி கதவைச் சாத்தினார்.

கல்லின் மேல் ஒரே புள்ளியில் ஐந்து வெடி. ஒவ்வொன்றுக்கும் 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு நீலப் பொறி. வெடிக்கு ஒரு வரிசையாகத் தகட்டில் ஐந்து வரிசைகள். பிறகு இருட்டறைக்குள் போய்த் தகட்டைக் கழுவி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடியை முதல் வரிசையில் வைத்தார்.

"கால்சியம்!" என்று அறிவித்தார். "எவ்வளவு அழுத்தமான கோடு பாருங்க! இது வெறும் சுண்ணாம்புக்கல்."

மயில்சாமி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தரையில் உட்கார்ந்திருந்த சௌந்திரம் எழுந்துவிட்டார். "அப்ப நாளைக்கே வெடி வெக்கச் சொல்லலாமுங்களா? நல்லா இருங்க சாமி. நாங்க வாரோம்."

பூதக்கண்ணாடி இரண்டாம் வரிசைக்கு நகர்ந்தது. மூன்றுக்கு நகர்ந்தது. தீர்த்தகிரியின் வாய் திறந்தது. ஆனால் சொற்பொழிவு வரவில்லை.

"இருங்கம்மா. மூணாவது வெடியிலேயே கால்சியம் மங்கிப்போச்சு. இங்க பாருங்க, அடுத்தடுத்து மூணு கோடு. மக்னீசியம்! அஞ்சாவதுல முழுக்க மக்னீசியம்." அவர் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பினார். "ஒவ்வொரு வெடியும் ஒவ்வொரு தோலா உரிச்சுட்டுப் போகுது. உள்ளே இருக்கறது அசல் மேக்னசைட்தான். ஆனா மேலே யாரோ சுண்ணாம்பு பூசியிருக்காங்க."

மயில்சாமி மெல்லத் திரும்பி மனைவியின் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளை இருந்தது.

"ஏபுள்ள."

"ஆமாங்க. நாந்தான் தடவுனேன்," என்றார் சௌந்திரம். "வெத்தலைக்கு வெச்சிருந்த சுண்ணாம்பு. டப்பிய வழிச்சுத் தடவுனேன். சாரு கண்டுபிடிப்பாருன்னு நெனைக்கலீங்க. ஆணியத்தான் கண்டுபிடிப்பாருன்னு சுப்பையன் சொன்னான்."

வாசலில் நின்ற சுப்பையன் அவசரமாக எங்கோ போனார்.

"ஊட்டுக்காரனை இப்பிடியா ஏமாத்துவ?"

"பின்ன? குடஞ்சுமந்து இடுப்பு உட்டுப்போச்சு. எருமை ரெண்டும் நாக்கத் தொங்கப் போட்டுட்டு என்னையப் பாக்குது. உங்க கல்லைக் கரைச்சா அதுங்களுக்கு ஊத்தறது?"

மயில்சாமி தீர்த்தகிரியிடம் திரும்பினார். என்ன இருந்தாலும் அவர் இப்போது அத்தாட்சி பெற்ற சுரங்க அதிபர். "எவ்வளவு சார் இருக்கும் உள்ள?"

"அதைக் கருவி சொல்லாதுங்க. கீழே போகப் போக அகலமாகலாம், நூலாகிக் காணாமயும் போகலாம். தோண்டித்தான் பார்க்கணும்."

சௌந்திரத்தின் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. "கேட்டீங்களா? தோண்டோணுமாம். சாரே சொல்லிப்போட்டாரு!"

மயில்சாமி கல்லை வாங்கிப் பையில் போட்டார். "செரி," என்றார் கடைசியில். "ஆனா கெணறுன்னு வெட்டக் கூடாது. சுரங்கம்னுதான் வெட்டோணும்."

"என்ன பேரு வேணாலும் வெச்சுக்குங்க. கடப்பாரைக்குப் பேரு தெரியாது."

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். அங்கே ஒரு பெட்டிக்கடையின் முன் மயில்சாமி நின்றார்.

"நேத்துப் பொழுதோட நீ வெத்தலை போடலை. பல்வலியோ என்னமோன்னு வெசனமா இருந்துச்சு எனக்கு."

"சுண்ணாம்பு தீந்துபோச்சுங்க."

அவர் வெற்றிலையும் பாக்கும் வாங்கி, ஒரு சுண்ணாம்புப் பொட்டணத்தை அதன் மேல் வைத்து நீட்டினார். "இந்தா. இதையாச்சும் வாயில போடு."

திங்கட்கிழமை செங்கோடனின் ஆட்கள் இறங்கினார்கள். ஐம்பத்தைந்தாம் அடியில் வெள்ளை வரி நூலாக மெலிந்து காணாமல் போனது. அறுபத்தொன்றில் ஊற்று பீறிட்டது. சுரங்கத்தில் தண்ணீர் புகுந்துவிட்டதாக மயில்சாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எருமைகள் அதைக் குடித்தன. கிழங்குச் செடி பத்தே நாளில் பச்சை பிடித்தது. தீர்த்தகிரி பதினான்கு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் முடிவில், 'மாதிரியைப் பக்குவப்படுத்தி அளித்த திருமதி சௌந்திரம் மயில்சாமிக்கு நன்றி' என்று ஒரு வரி சேர்த்தார். சுரங்க அதிபர் அவரை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். புதுத் தண்ணீரில் முதல் சமையலே அந்த விருந்துதான் என்று சௌந்திரம் சொல்லிவிட்டார். விடியும் முன்பே உலை வைத்தாயிற்று. தீர்த்தகிரி சால்வையோடு வந்து இலையின் முன் உட்கார்ந்து, விஞ்ஞானமும் விவசாயமும் கைகோத்த இந்த நன்னாளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

மணி மூன்றாகியும் பருப்பு வேகவில்லை. தண்ணீரில் மக்னீசியம் அதிகம்.